எட்டுத் தலைப்புகளைக் கேலி செய்தவன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்களுக்கும், தங்கள் அலுவலகத்தில் செய்தி சேகரிப்பவர் முதல் கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றுபவர் வரை அனைவருக்கும் என் பணிவான வணக்கம். அங்கே எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவியும், எங்களுக்கு வாய்த்த அளவுக்குச் சுகம். நிற்க.

சென்ற ஆண்டு மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், தங்கள் பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில், ‘மக்கள் பணத்தில் ம் ஆராய்ச்சியா?’ என்ற வாசகர் கடிதம் ஒன்று வெளியானது தங்களுக்கு நினைவிருக்கலாம். கீழே ‘வரி கட்டுகிறவன்’ என்று கையொப்பம் இருந்தது. அந்த வரி கட்டுகிறவன் நான்தான். தலைப்பு தாங்கள் வைத்தது. நான் வைத்தது இன்னும் மோசம். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. பொறுத்தருள வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர். முப்பத்தாறு வருடமாக அதே அறை, அதே ஜன்னல். நாற்காலி மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடுகள் ஐந்தைந்து பிரதிகளாக முதலில் என் மேசைக்குத்தான் வரும். அட்டை சொன்ன நிறத்தில் இருக்கிறதா, நெறியாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை வைத்து அளந்து, குறைந்தால் திருப்பி அனுப்புவேன். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே ‘ஸ்கேல்’தான். நாலாயிரம் ஆய்வேடுகளாவது என் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றிலாவது முதல் பக்கத்தைத் தாண்டி நான் படித்ததில்லை. எனக்கும் ஒரு காலத்தில் மேலே படிக்கும் ஆசை இருந்தது. அப்பா திடீரென்று போய்விட்டதால், படிக்க வேண்டிய கட்டிடத்துக்குள்ளேயே எழுத்தராக நுழைந்தேன். அதைப் பற்றி வருத்தமில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். ஆனால் வருடத்துக்கு நூறு பேருக்கு மேல் என் மேசைக்கு முன்னால் நின்று டாக்டர் ஆகிப் போவதைப் பார்க்கிற மனுஷனுக்கு உள்ளே எங்கோ புளித்துப்போகும் போலிருக்கிறது. அன்று மழையில் வண்டி நின்றுபோய், தள்ளிக்கொண்டே வந்து, ஈரக் காலுறையோடு உட்கார்ந்து கோப்பைப் பிரித்தால், மேலே இருந்த பதிவுத் தலைப்பு: ‘அன்றாட உரையாடலில் ம் என்னும் ஒலியின் பயன்கள்’. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதிவேட்டைப் புரட்டி அதே ரகத்தில் இன்னும் ஏழு தலைப்புகளைப் பொறுக்கி எடுத்தேன்.

நான் எழுதியவை தங்களுக்கு மறந்திருந்தாலும் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். ம்முக்கு நாலு வருடம் என்றால் ம்ஹூமுக்கு எத்தனை வருடம் என்று கேட்டிருந்தேன். நத்தை இடப்பக்கம் சுருண்டால் என்ன, வலப்பக்கம் சுருண்டால் என்ன, அதற்கே கவலையில்லை என்றேன். ஈர மணலில் நடந்து பார்ப்பதற்கு உதவித்தொகை என்றால் எங்கள் தெரு நாய்க்கும் கொடுக்கலாம் என்றேன். நூறு வருடத்துப் பூட்டு விளம்பரங்களை எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் ஒரு சாவியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். ‘மேலெழுந்தவாரியாகப் பார்த்தால்கூட’ இதெல்லாம் வீண் என்று முடித்திருந்தேன். பார்த்ததே மேலெழுந்தவாரியாக மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

கடிதம் வெளியான அன்று என் மனைவி அதைத் தன் தையற்கடையில் சத்தமாகப் படித்துக்காட்டினாள். எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. நாலு இயந்திரம், ஒரு வெட்டுமேசை. அவளுடைய தையலுக்கு வருகிறவர்கள் பாதி, பேச்சுக்கு வருகிறவர்கள் பாதி. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டும் பேசக்கூடியவள். “எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான், ஆனா நல்லா எழுதியிருக்கான்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளறையில் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டேன். அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது எழுதுவதற்குக் கை கூசுகிறது.

சந்தோஷம் எட்டு நாள் நின்றது. ஒன்பதாம் நாள் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் தங்கள் பத்திரிகை. “மேலிடத்திலேருந்து கேக்கறாங்க. இந்த எட்டுப் பேரோட உதவித்தொகையையும் நிறுத்தி வையுங்க. நீங்களே ஒவ்வொருத்தரையும் நேர்ல போய்ப் பாத்து, ஆளுக்கு ஒரு பக்கம் அறிக்கை கொடுங்க. கடைசியில ‘பயன்’னு ஒரு கட்டம் போட்டு நிரப்புங்க” என்றார். சரி சார் என்று எழுந்தேன். “உக்காருங்க, இன்னொண்ணு. இந்த எட்டுத் தலைப்பும் வெளியாளுக்குத் தெரிய வழியே இல்ல. உள்ளுக்குள்ள எவனோ ஒருத்தன்தான் எழுதியிருக்கான். அவன் யாருன்னும் நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லணும். இந்த விஷயத்துல உங்களைத் தவிர வேற யாரையும் நான் நம்பத் தயாரா இல்ல.” நான் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, என்னைத் தேடுவதற்கு ஒரு புதுக் கோப்பு தொடங்கி, அதற்கு எண் கொடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வாரம் என் மனைவி வெட்டுமேசைக்குப் பக்கத்தில் விழுந்தாள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. மருத்துவமனையில் மூளைக்குப் போகிற இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது, வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், பேச்சு எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். “நீங்க பேசறது அவங்களுக்குப் புரியும். வார்த்தைதான் வெளிய வராது” என்றார் டாக்டர். வெளியே வந்தது ஒன்றே ஒன்றுதான். ம். அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

நான் ஆறு வாரம் விடுப்பு எடுத்தேன். அந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டில் நடந்ததை ஐயா நம்பமாட்டீர்கள். அவள் ம் என்பாள். நான் தண்ணீர் கொண்டு ஓடுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ம் என்பாள், தலையணையை உயர்த்துவேன். ம், ம் என்பாள், தாழ்த்துவேன். ரேடியோவைப் போடுவேன், நிறுத்துவேன், ஜன்னலைத் திறப்பேன், கொசு உள்ளே வரும், மூடுவேன். ஒரு நாள் அலுவலகப் பழக்கம் விடாமல், ‘பசி, தாகம், வலி, கழிவறை, பிற’ என்று ஒரு படிவமே தயாரித்து, எதிரே ஆம், இல்லை, பொருந்தாது என்று கட்டம் போட்டு, இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். அவள் அதை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே கையால் எவ்வளவு சிறிதாகக் கிழிக்க முடியுமோ அவ்வளவு சிறிதாகக் கிழித்தாள். அதிகமாக அவள் மேலே பார்த்துத்தான் ம் என்பாள். மேலே இருப்பது மின்விசிறி. நான் ஒன்றில் வைப்பேன், மூன்றில் வைப்பேன், ஐந்தில் வைப்பேன், அணைப்பேன். அவள் கண்ணில் நீர் வரும். நானும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன். அவள் படுத்த நாளிலிருந்து நான்கூடப் பேசுவதைக் குறைத்துவிட்டேன். பேசி என்ன ஆகப்போகிறது என்றாகிவிட்டது.

இந்த ஆறு வாரமும் எட்டுப் பேருடைய உதவித்தொகை நின்றேதான் இருந்தது, ஐயா. என் அறிக்கை வராததால் நின்றது. இது என் மண்டையில் உறைத்ததே விடுப்பு முடிந்து, பகலில் மனைவியைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகுதான்.

முதலில் இயற்பியல் துறைக்குப் போனேன். மணல்காரர் முப்பது வயது இளைஞர். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கட்டில் அளவுத் தகரத் தட்டில் ஈர மணலைப் பரப்பி, அதன்மேல் வெறுங்காலோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், “சார், செருப்பைக் கழட்டுங்க, ஏறுங்க” என்றார். விசாரணைக்கு வந்தவன் நான். ஏறினேன். காலை வைத்ததும் என் பாதத்தைச் சுற்றி மணல் வெளுத்து உலர்ந்துபோயிற்று. ஈர மணலை மிதித்தால் தண்ணீர் மேலே வர வேண்டாமா? “வராது சார். மணல் நெருங்கி உக்காந்திருக்கு. நீங்க மிதிச்சதும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நடுவுல இடம் பெருசாகுது. தண்ணி அந்த இடத்துக்குள்ள இறங்கிடுது.” சிறுவயதில் கடற்கரையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதனால் என்ன பயன் என்று கோப்பைத் திறந்தேன். “அணைக்கரை, ரயில் பாதை, மருந்து மாத்திரை எல்லாத்துக்கும் உபயோகப்படும்னு எழுதித்தான் உதவித்தொகை வாங்கினேன். அதெல்லாம் நிஜம்தான். ஆனா நான் இதைப் பண்றது அதுக்காக இல்ல சார்” என்றார். எதற்காக என்று நான் கேட்கவில்லை. அவர் மறுபடி தன் காலையே குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நத்தை ஆராய்ச்சி செய்யும் பெண் ஒன்பதாயிரம் நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருந்தாள். கிட்டத்தட்ட அவ்வளவும் வலஞ்சுழி. இடஞ்சுழி நாலே நாலு. அதில் மூன்று செத்துப்போய், ஒன்று மட்டும் கண்ணாடித் தொட்டியில் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. “இதுக்கும் வலஞ்சுழிக்கும் சேராது சார். உடம்போட அமைப்பே எதிரும் புதிருமா இருக்கும். இடஞ்சுழிக்கு இடஞ்சுழிதான் வேணும்” என்றாள். ஒன்பதாயிரத்தில் ஒரு வரன் தேடும் வேலை. அதற்கே கவலையில்லை என்று நான் எழுதியிருந்தேன். பத்து நிமிடம் அந்தத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். பயன் என்ற கட்டத்தில் எதையும் எழுதாமலே எழுந்து வந்தேன்.

பூட்டு ஆராய்ச்சியாளருக்கு நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு மேசை. நாற்பது வயதைத் தாண்டியவர். எட்டாவது வருடம். என் பிரிவுக்கு வரும்போதெல்லாம் உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். பையில் பூதக்கண்ணாடியோடு நின்றபடியே பேசிவிட்டுப் போவார். மேசை காலியாக இருந்தது. நூலக உதவியாளர் சொன்னார்: “அவரு ஒண்ணரை மாசமா வரல சார். போன் போட்டாலும் எடுக்கல. வாடகை ரூமையும் காலி பண்ணிட்டாராம்.” மேசைமேல் தங்கள் பத்திரிகையின் அந்தத் துண்டு ஒட்டியிருந்தது. சாவி பற்றிய வரிக்கு அடியில் பென்சில் கோடு. அதன்மேல் அவருடைய இழுப்பறைச் சாவி.

ஐயா, அந்தச் சாவியை எடுத்துத் திறந்தேன். செருப்புப் பெட்டிகளில் அட்டை அட்டையாகக் குறிப்புகள். என் வாழ்நாளில் முதல் பக்கத்தைத் தாண்டிப் படித்தது அன்றுதான். ஆரம்பகால விளம்பரங்களில் பூட்டு வெளியே திரிகிற திருடனுக்கு எதிராக. பிறகு வீட்டு வேலையாளுக்கு எதிராக. அதற்கும் பிறகு மேசை இழுப்பறைக்கும் நாட்குறிப்புக்கும் சின்னச் சின்னப் பூட்டு வருகிறது, அதாவது கூடவே வாழ்கிறவர்களுக்கு எதிராக. ஒவ்வொரு அட்டையிலும் தேதி, பக்கம், ஓவியத்தில் கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுவரை பொடி எழுத்தில் எழுதியிருந்தார். இதற்கு என்ன பயன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டை மறந்து நாலாவது பெட்டிவரை போய்விட்டேன் என்பது மட்டும் தெரியும். எங்கள் வீட்டிலும் நான் ஒரு இழுப்பறையைப் பூட்டி வைத்திருந்தேன், அதில் என் கடிதம் வெளியான துண்டு இருந்தது, என் மனைவிக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மற்ற நாலு பேரையும் பார்த்து முடித்துக் கடைசியாக மொழியியல் துறைக்குப் போனேன். வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தேன். ம் ஆராய்ச்சி செய்கிறவள் கலியாணமான பெண், பேச்சில் நிதானம், மேசைமேல் ஒரு கணினி, காதில் மாட்டும் கருவி, தட்டில் ஆறிப்போன தேநீர். கடைகளிலும் வீடுகளிலும் சம்மதம் வாங்கிக்கொண்டு பதிவு செய்த ம்கள் மூவாயிரத்துச் சொச்சம் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினாள். கதை கேட்கிறவன் போடும் ம். கடன் கேட்டவனுக்குக் கடைக்காரர் போடும் ம். டாக்டர் நாடி பார்க்கும்போது போடும் ம். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு; ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறி வளைந்து இறங்குகிறது. “எழுதினா எல்லாம் ஒரே எழுத்து சார். கேட்டா ஒண்ணுகூட ஒண்ணு மாதிரி இல்ல” என்றாள். நான் கோப்பை மூடினேன். டாக்டரிடம் காட்டுவதற்காக மனைவியின் குரலைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதை நீட்டினேன்.

மூன்று தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, “இவங்க எதையும் கொண்டு வரச் சொல்லல சார். இது கேள்வி. உங்களை என்னமோ கேக்கறாங்க. திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேக்கறாங்க. நீங்க பதிலே சொல்லல” என்றாள்.

ஆறு வாரம், ஐயா. ஆறு வாரமாகக் கேட்டிருக்கிறாள். நான் மின்விசிறியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி ம் போடும்போதெல்லாம் பதிவு செய்துகொண்டு, கண் போகிற திசையையும் குறித்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாம் வாரம் அவள் வரும்போது மூச்சுச் சத்தத்தையும் பிடிக்கிற ஒரு ஒலிவாங்கி கொண்டுவந்தாள். நத்தை பாசியைச் சுரண்டித் தின்னும் சத்தத்தைப் பதிவு செய்ய நத்தைப் பெண் வாங்கி வைத்திருந்ததாம். மூன்றாம் வாரம் பதினொரு விதமான ம்களைப் பிரித்துவிட்டாள். அதில் ஒன்று வலிக்கு, ஒன்று போதும் என்பதற்கு. ஒன்று நான் அறைக்குள் நுழையும்போது மட்டும் வருகிறதாம், அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாலாம் வாரம் அந்தப் பெண் மேலே அண்ணாந்து பார்த்தாள். “சார், ஃபேனுக்குப் பின்னால அது என்ன? பரணா?”

பரண்தான். அவள் விழுந்த அன்று கடையில் இருந்த துணிகளையெல்லாம் நான் ஒரு சாக்கில் திணித்துப் பரணில் ஏற்றியிருந்தேன். ஏணி வைத்து இறக்கினேன். என் மனைவியின் கண் பளிச்சென்று அதன்மேல் நிலைத்தது. “ஊர்க்காரங்க துணியெல்லாம் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களாம்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள். என் மனைவி போட்ட ம்மை நான் இதற்கு முன் கேட்டதில்லை. நீளமாக வந்து மெதுவாக இறங்கியது. அதற்கு எனக்கே அர்த்தம் புரிந்தது. பதினான்கு பேருடைய துணி. மருத்துவத் தாதி ஒருத்தியின் சீருடை, ஒரு காவலாளியின் காலர் மாற்ற வேண்டிய சட்டை, பாதி வெட்டிய பள்ளிச் சட்டைகள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். முடிந்ததா, முடியாததா என்று அவள் ம் போட்டுச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். காவலாளி, “அக்கா எப்படி இருக்காங்க? சட்டைக்கென்ன அவசரம், அவங்களே தைச்சுக் கொடுக்கட்டும்” என்று வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்து அவள் கண் முன்னால் மாட்டியிருக்கிறேன்.

ஐந்தாம் சனிக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. தேநீர்க் கோப்பையை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு, மனைவி முன்னாலேயே, “அம்மா, ஒரு விஷயம். மேலெழுந்தவாரியாப் பாத்தாக்கூட நான் உனக்குச் செஞ்சது பெரிய பாவம். அந்தக் கடிதாசி எழுதினது” என்று ஆரம்பித்தேன்.

“நீங்கதான். முதல் சனிக்கிழமையே தெரியும் சார்.”

“எப்படி?”

“‘மேலெழுந்தவாரியா’ன்னு வாயால பேசற ஒரே ஆளு இந்த ஊர்லயே நீங்கதான். அன்னைக்கு அரை மணி நேரத்துல நாலு தடவை சொன்னீங்க. அந்தக் கடிதத்தை நான் நாப்பது தடவை படிச்சிருக்கேன் சார்.”

“அப்புறம் ஏன் வந்தே?”

“அம்மாவோட ம்மைக் கேக்க வந்தேன். உங்களுக்காக வரல.” கோபமில்லாமல்தான் சொன்னாள். அதனால்தான் அதிகம் வலித்தது. என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் போடவில்லை. அன்று மாலைவரை போடவில்லை.

திங்கட்கிழமை குழு கூடியது. பதிவாளரும் மூன்று பேராசிரியர்களும். எட்டு அறிக்கைகளை வைத்தேன். ‘பயன்’ கட்டத்தில் எட்டிலும் ஒன்றையேதான் எழுதியிருந்தேன்: ‘இதைத் தீர்மானிக்கும் தகுதி அறிக்கை அளிப்பவருக்கு இல்லை.’ பிறகு எழுந்து நின்று, கடிதம் எழுதியவனைக் கண்டுபிடித்துவிட்டேன், அது நான்தான் என்றேன். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். “யோவ், உன்னைத்தானய்யா நம்பினேன்” என்றார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். பிறகு விதிமுறை தொடங்கியது. என்மேல் நடவடிக்கை எடுக்க விசாரணை அதிகாரியின் அறிக்கை வேண்டும். விசாரணை அதிகாரி நான். குற்றவாளி விளக்கம் அளிக்க வேண்டும். அதைப் பரிசீலித்துக் குறிப்பு எழுத வேண்டியது ஆராய்ச்சிப் பிரிவுக் கண்காணிப்பாளர். நான் என்னிடம் விளக்கம் கேட்டு, எனக்குப் பதில் எழுதி, அது திருப்திகரமாக இல்லை என்று குறித்து மேலே அனுப்பினேன். கண்டனக் குறிப்பாணை வந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். பணிப்பதிவேட்டில் அதைச் சிவப்பு மையில் பதிந்ததும் என் கைதான். எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

எட்டில் ஏழு பேருக்கு உதவித்தொகை திரும்பிவிட்டது. ம் ஆராய்ச்சிப் பெண் இப்போது வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களோடு உட்காருகிறாள். என் மனைவி போன மாதம் ‘நூல்’ என்றாள். பிறகு ‘போ’ என்றாள். இரண்டும் தெளிவாக இருந்தன.

எட்டாமவர்தான் கிடைக்கவில்லை. பூட்டுக்காரர். அவருடைய பழைய அறைக்கும், அறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கும், அவர் நெறியாளர் சொன்ன இரண்டு முகவரிகளுக்கும் போய்ப் பார்த்தாயிற்று. பதிவுக் காலம் இம்மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் நீட்டிப்புப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் எட்டு வருட உழைப்பும் விதிப்படி ரத்து. ரத்து ஆணையைத் தயாரிக்க வேண்டியவனும் நான்தான். அந்தப் பெட்டிகளை என் அலமாரிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அவர் எங்கே இருந்தாலும் தங்கள் பத்திரிகையைப் படிக்காமல் இருக்கமாட்டார். முதல் பக்கத்தைவிட விளம்பரத்தைத்தான் முதலில் படிப்பார். என் பழைய கடிதத்துக்கு ஆறாம் பக்கத்தில் எவ்வளவு இடம் கொடுத்தீர்களோ அதில் பாதியாவது கொடுத்து, விளம்பரங்களுக்கு ஒட்டினாற்போல இதை வெளியிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மேலே நான் என் வீட்டுக் கதையை இவ்வளவு எழுதியதும், பிழை செய்தவன் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நீளம் என்று தோன்றினால் என்னைப் பற்றிய இடங்களை வெட்டலாம். அவரைப் பற்றிய இடத்தைத் தொடவேண்டாம்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு தழைக்கவும், தங்கள் வீட்டில் எல்லாரும் நோயின்றி வாய் நிறையப் பேசி வாழவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்காணிப்பாளர், ஆராய்ச்சிப் பிரிவு
(பெயரும் முகவரியும் தனித்தாளில். இம்முறை உண்மையானவை.)

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் ம் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு, “ஐயோ சார், இதை எங்க அனுப்பறீங்க? பூட்டு அண்ணன் அங்கதான் இருக்காரு. நேத்து மணல்காரரு பாத்துட்டு வந்திருக்காரு” என்றாள். தங்கள் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறதாம். தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்து மேசையாம். நேர்காணலில் முன்னனுபவம் கேட்டதற்கு, எட்டு வருடமாக விளம்பரத்தைத் தவிர வேறெதுவும் படிக்கவில்லை என்றாராம். ஆகையால் மேற்கண்ட கடிதத்தை வெளியிட வேண்டியதில்லை. தயவுசெய்து படியிறங்கிப் போய், இத்துடன் வைத்துள்ள படிவத்தை அவரிடம் கொடுங்கள். வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகத் தொடரலாம், அதற்கான கட்டத்தையும் நானே நிரப்பியிருக்கிறேன். யோசித்தாரென்றால் அரைநாள் விடுப்புக் கொடுத்துத் தள்ளி அனுப்புங்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லிவிடுங்கள்.